பிரேக் இல்லாத ஏழாம் நம்பர்

விபத்து நடந்தது செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றே காலுக்கு. புதன்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஸ்டோர் அக்காவின் மேசைக்கு வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் எந்தத் தாளும் அதுவரை இவ்வளவு சுறுசுறுப்பாக நகர்ந்ததில்லை. அவள் மூன்று வாரத்துக்கு முன் எழுதிக் கொடுத்த உதிரி பாகச் சீட்டு இன்னும் மாடிப்படியே ஏறவில்லை.

சூப்பர்வைசர் பேனா மூடியைக் கழற்றி, பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு நின்றார்.

"கடைசி வரிக்குக் கீழ போடுங்க. இன்னைக்கே மேல அனுப்பணும்."

அவள் உட்காராமலே படித்தாள். சங்கிலி ரம்பம் எண் ஏழு நல்ல நிலையில் ஸ்டோரிலிருந்து வழங்கப்பட்டது. அதன் பாதுகாப்பு அமைப்புகள் யாவும் சரியாக இருந்தன. தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.

"ஏழாம் நம்பர நான் யாருக்கும் கொடுக்கலியே."

"கொடுத்ததா இருக்கட்டும். உங்க மாப்பிள்ளைதானே? நீங்களும் நானும் ஒரே மாதிரி எழுதினா ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும். இழுத்தா அவருக்குத்தான் வேலை போகும்."

அவள் பேனாவை மூடினாள். மேசையைச் சுற்றி வந்து அதை அவர் சட்டைப் பைக்குள் செருகினாள்.

"என் தங்கச்சி புருஷனுக்கு முப்பத்தொரு தையல் போட்டிருக்காங்க. போய் ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் இத நீட்டுங்க."

அவர் தாளை எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் அவள் நாற்காலியில் விழுந்தாள்.

நகரத்தின் மரப் பிரிவு அது. சாலையில் விழும் மரங்களை அறுத்து அகற்றுவதும், கம்பிகளில் உரசும் கிளைகளைக் கழிப்பதும் வேலை. ஸ்டோர் என்பது ஒரே ஜன்னல் உள்ள நீள அறை. ஒரு இரும்பு அலமாரி, பொருளை இறுக்கிப் பிடிக்க மேசையோடு முடுக்கிய ஒரு பட்டறைப் பிடி, பதினான்கு ரம்பங்கள். இந்த வேலைக்கு வருவதற்கு முன் பத்து வருடம் இரு சக்கர வண்டிப் பட்டறையில் கை கறுக்க உழைத்தவள் அவள். மோட்டார் எதுவானாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவாள்.

சாயங்காலம் ரம்பங்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றித் தூளைத் துலக்குவாள். காற்று வடிகட்டியைத் தட்டி எடுப்பாள். சங்கிலி சுற்றி ஓடும் நீள அலகான பாரின் பள்ளத்தை மெல்லிய தகடு விட்டுச் சுரண்டுவாள். உருண்டை அரத்தால் சங்கிலியின் பற்களை ஒவ்வொன்றாகத் தீட்டுவாள். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில். அறுக்கும்போது மரத்தூளைச் செதில் செதிலாகக் கக்கினால் சங்கிலி கூர்மை, மாவு மாதிரி கொட்டினால் மழுங்கல். மழுங்கிய ரம்பத்தை ஆள் அழுத்துவான், அழுத்துகிறவனுக்குக் கால் நிலைக்காது. இதை அவள் எத்தனை முறை சொன்னாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

காலையில் ரம்பத்தைக் கையில் கொடுக்கும் முன் முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றின் பிரேக்கையும் சோதிப்பாள். முகமறைப்பு வைத்த தலைக்கவசம், காதுமூடி, சங்கிலி பட்டால் நூல் விட்டு அதைச் சிக்கவைக்கும் தடிமனான கால்சட்டை, எல்லாம் இருந்தால்தான் ரம்பம். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். பழுதான ரம்பத்தில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி அலமாரிக்குள் பூட்டிவிடுவாள். அதனால் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் சிவப்புச் சீட்டு. அவள் காது படவே சொல்வார்கள்.

அதிகம் சொன்னவர் அவள் தங்கையின் கணவர்தான். பிரிவிலேயே கை தேர்ந்த ரம்பக்காரர். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் எல்லோருக்கும் அவர் நெட்டை.

"மரத்த அறுக்கவா மெஷின் வச்சிருக்கீங்க, இல்ல கண்காட்சிக்கா அக்கா?" என்பார்.

"உங்களக் கண்காட்சியில வைக்கக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை," என்பாள் அவள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஏழாம் நம்பர்தான் இருப்பதிலேயே பெரியது, நீளமான பார் கொண்டது. மூன்று வாரத்துக்கு முன் அதைத் திறந்தபோது பிரேக் பட்டை இரண்டாக அறுந்து கிடந்தது. ரம்பம் எகிறும்போது மணிக்கட்டு இடித்துப் பிரேக்கைப் போடவைக்கும் முன்காப்பும் அடியில் விண்டிருந்தது. இரண்டையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டாள். ரம்பத்தில் சீட்டைக் கட்டிப் பூட்டினாள். புதுப் பட்டையும் காப்பும் கேட்டு எழுதினாள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எழுதினாள். சூப்பர்வைசர் இரண்டு முறையும், "பாக்கலாம்," என்றார்.

திங்கட்கிழமை அடித்த காற்றில் நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்தன. செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசர் அவளை நகரத்தின் மறுகோடியில் இருந்த பணிமனைக்குப் புதுச் சங்கிலிகள் வாங்கிவர அனுப்பினார். பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பெரிய மரம் மதில்மேல் சாய்ந்து கிடந்தது. சின்ன ரம்பங்கள் அதன் பாதித் தடிமனுக்குக்கூட எட்டவில்லை. அவள் திரும்பி வந்தபோது அலமாரி திறந்திருந்தது, முற்றம் காலியாக இருந்தது. லாரி மருத்துவமனைக்குப் போய்விட்டது என்றார் காவலாளி.

நடந்தது இதுதான். நெட்டை அடிமரத்தை அறுத்து முடித்துவிட்டு, மதிலில் சிக்கியிருந்த கிளைக்கு ரம்பத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். இலைகளுக்குப் பின்னால் இன்னொரு கிளை இருந்தது. பாரின் நுனி அதில் பட்டது. நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் பிடித்திருப்பவனை நோக்கித்தான் எகிறும். காப்பு இருந்திருந்தால் மணிக்கட்டு அதில் இடித்திருக்கும், கண் இமைப்பதற்குள் சங்கிலி நின்றிருக்கும். நிற்கவில்லை. கழுத்தெலும்பில் ஆரம்பித்து இடது தோளின் பின்பக்கம் வரை கிழித்துக்கொண்டு போனது.

புதன்கிழமை மாலை அவள் மருத்துவமனைக்குப் போனாள். தங்கை நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தரியால் வெட்டிக் கழற்றிய துணிகள் அதில் இருந்தன.

"இத என்னக்கா பண்றது? தூக்கிப் போடறதா, துவைக்கறதா?"

"கொடு, நான் பாத்துக்கறேன்."

பையைக் கட்டும் முன் பழக்கத்தில் துணிகளின் பாக்கெட்டுகளைத் துழாவினாள். கால்சட்டையின் பின்பையில் நான்காய் மடித்த அட்டை ஒன்று அகப்பட்டது. சிவப்பு. பிரித்தாள். அவளுடைய கையெழுத்து. பிரேக் இல்லை, ஓட்டாதே.

அதுவரை அவள் சூப்பர்வைசர்தான் சீட்டைப் பிய்த்திருப்பார் என்று நினைத்திருந்தாள். மனதுக்குள் அவரை நூறு முறை நிற்கவைத்துக் கேட்டிருந்தாள். இப்போது அந்தக் கோபம் முழுவதும் திரும்பிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தது.

நெட்டை விழித்திருந்தார். கட்டில் அவர் நீளத்துக்குப் போதவில்லை, பாதங்கள் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன மாப்பிள்ளை?"

அவர் சீட்டைப் பார்த்துவிட்டு மேலே விசிறியைப் பார்த்தார்.

"படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"சூப்பர்வைசர் கழட்டச் சொன்னாரு."

"உங்க தலையக் கழட்டிக் கொடுன்னு சொன்னா கொடுத்துடுவீங்களா?"

பின்னாலேயே வந்த தங்கை அவள் கையைப் பிடித்தாள். "மெதுவா பேசுக்கா. தையல் போட்டிருக்கு."

"எத்தனைன்னு எனக்கும் தெரியும்டி."

நெட்டை கண்ணை மூடிக்கொண்டார். "அரை மணி நேர வேலைன்னாரு. இருபது வருஷம் மெஷின் பிடிச்சவனுக்கு பிரேக் எதுக்குன்னாரு. எல்லாரும் சுத்தி நின்னுட்டிருந்தாங்கக்கா. மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"பயந்தாங்கொள்ளின்னு சொல்லிடுவாங்கன்னா?"

"ஆமா. அதான்."

இப்படி ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வாயில் தயாராக இருந்ததெல்லாம் அப்படியே நின்றது.

"அப்புறம் இத ஏன் பத்திரமா பையில வச்சீங்க?"

"கீழ போட மனசு வரல. நீங்க எழுதினது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். திரும்பாமலே விஷயத்தைச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்ததாக சூப்பர்வைசர் எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வருகிறார். இந்தச் சீட்டைக் காட்டினால் சூப்பர்வைசர் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதே சீட்டு, பிரேக் இல்லை என்று தெரிந்தேதான் நெட்டை ஓட்டினார் என்பதற்கும் சாட்சி.

"கிழிச்சுப் போட்டுடு," என்றாள் தங்கை.

"கிழிச்சா சீட்டே கட்டலன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே! உனக்கு உன் ஸ்டோர் பேரு முக்கியம், இவரு கதி என்னன்னு யோசிச்சியா? நாளைக்கு வேலையில்லன்னு அனுப்பிட்டா உன் சீட்டு வந்து எங்க வீட்ட நடத்துமா?"

"காட்டிடுங்கக்கா," என்றார் நெட்டை. "அவர் சொன்னாரு, நான் கழட்டினேன். ரெண்டையும் நானே எழுதித் தரேன். எனக்கு வலது கை இருக்கு."

தங்கை பிளாஸ்டிக் பையை அக்காவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை முற்றத்திலேயே நடந்தது. பாதுகாப்பு அதிகாரி கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி. அன்றைக்கே இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். விபத்தன்று வேலையில் இருந்த எட்டுப் பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மேசைமேல் ஏழாம் நம்பர் இருந்தது. அந்த ஆறு நாளும் அது சூப்பர்வைசரின் அறையில்தான் பூட்டியிருந்தது.

அவள் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ரம்பத்தைக் கழுவியிருந்தார்கள். அதில் ஒரு முன்காப்பும் மாட்டியிருந்தது.

"காப்பு இருக்கே?" என்றார் அதிகாரி, தன் தாளைப் பார்த்து.

"எப்பவும் இருக்கும் மேடம். ஸ்டோர்ல ஏதோ தனிப்பட்ட கோபம். அந்த ஆளு அவங்க சொந்தம் வேற," என்றார் சூப்பர்வைசர்.

ஸ்டோர் அக்கா மேசைக்கு அருகில் போனாள். பிடியெல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. உறை முழுக்கக் கீறல். அந்தக் காப்பில் மட்டும் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டுப் பிசின் இல்லை. மூன்று வாரம் அவள் எழுதி எழுதிக் கேட்டும் வராத பொருள், ஆள் விழுந்த பிறகு ஆறே நாளில் வந்திருந்தது.

"சரி மேடம். பிரேக் இருக்குன்னு சார் எழுதியிருக்காரு. அவரையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

"நான் எதுக்கு ஓட்டணும்? அது என் வேலை இல்லையே."

"மரம் அறுக்கச் சொல்லல. கெட்டியாப் பிடிச்சு, முழு வேகத்துல விட்டு, இடது மணிக்கட்டால காப்ப முன்னால தள்ளுங்க. செயின் நின்னுச்சுன்னா அந்தத் தாள்ல நான் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

சூப்பர்வைசர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதுல பெட்ரோல் இல்ல," என்றார் சூப்பர்வைசர்.

"ஊத்தித் தரேன்."

வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். அதிகாரி முதல் முறையாகத் தாளிலிருந்து நிமிர்ந்து சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் ரம்பத்தைப் பார்த்த பார்வையிலிருந்து அதிகாரி எதையோ கண்டுகொண்டார் போலிருந்தது.

"நீங்க செய்வீங்களா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் கால்சட்டை, கையுறை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டாள். சங்கிலி எண்ணெய் பார்த்தாள், சங்கிலியின் இறுக்கம் பார்த்தாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி. மேடம், நீங்களும்." ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்பிடிக்குள் வலது காலை நுழைத்து மிதித்து, கயிற்றை இழுத்தாள். மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழே பிடித்து வேகத்தை ஏற்றினாள். மணிக்கட்டால் காப்பைத் தள்ளினாள்.

காப்பு முன்னால் சாய்ந்தது. சங்கிலி தன் பாட்டுக்கு ஓடியது. எட்டுப் பேரும் பார்த்தார்கள். அதிகாரி ஒரு அடி பின்னால் போனார்.

அவள் விசையை விட்டு, இயந்திரத்தை அணைத்து, மேசைமேல் வைத்துப் பக்கமூடியைக் கழற்றினாள். பட்டை இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளமாக இருந்தது. தகர டப்பாவைத் திறந்து அறுந்த இரண்டு துண்டுகளையும் விண்ட காப்பையும் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் பாரின் வேர்ப்பக்கம் அப்பியிருந்த தூளைக் கண்டாள். தினம் தினம் அதைச் சுரண்டுகிறவள் அவள். மரத்தூள் எண்ணெயில் ஊறினால் என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியும். இது அந்த நிறம் இல்லை. வெளியே கழுவியவர்களுக்கு உள்ளே திறக்கத் தோன்றவில்லை.

"மேடம், இங்க பாருங்க." அவள் அந்தத் தூளை விரலால் சுட்டினாள். "இது தூள் இல்ல. இது எங்க வீட்டு ஆளோட ரத்தம். தண்ணி ஊத்திக் கழுவிட்டு, புதுசா ஒரு பிளாஸ்டிக்க மாட்டி, அவர் கவனக்குறைவுன்னு எழுதிட்டு வந்திருக்காரு இந்த மனுஷன்."

பிறகு சிவப்புச் சீட்டையும் நெட்டை வலது கையால் எழுதிய கடிதத்தையும் கொடுத்தாள். அதிகாரி இரண்டையும் மெதுவாகப் படித்தார்.

"அந்தச் சீட்ட இப்பகூட எழுதியிருக்கலாம்," என்றார் சூப்பர்வைசர்.

அவள் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். "எட்டுப் பேரு இருந்தீங்களே. ஒருத்தருக்கும் கண்ணு தெரியலியா? அன்னைக்கும் வாயத் திறக்கல, இன்னைக்கும் திறக்க மாட்டீங்களா? அடுத்தது உங்கள்ல யாரு? அத மட்டுமாவது சொல்லுங்க, அவர் வீட்டுல முன்னாடியே சொல்லி வைக்கறேன்."

லாரி டிரைவர் செருப்பால் தரையைத் தேய்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நான் பாத்தேன் மேடம். இன்னொரு சாவி சார்கிட்டதான் இருந்துச்சு. அவர்தான் திறந்தாரு. சீட்டப் பாத்துட்டு, இந்தப் பொம்பளைக்கு வேற வேலை இல்லன்னு சொன்னாரு."

அவர் பேசியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவளுக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. ஆறு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

முடிவு வர ஐந்து வாரம் ஆனது. நெட்டைக்கு வேலை போகவில்லை, ஆனால் தெரிந்தே ஓட்டியதற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இனி எழும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலையைக் கொடுத்தார்கள். இருபது வருடம் மரங்களைச் சாய்த்தவர் முழங்கால் உயரச் செடிகளுக்கு நடுவே குனிந்து நின்றார். தங்கை அக்காவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். வாசல் வரை போனால் குழந்தைகள் வந்து, "அம்மா தூங்கறாங்க பெரியம்மா," என்றன, பட்டப்பகலில்.

சூப்பர்வைசரை மறுகோடிப் பணிமனைக்கு மாற்றினார்கள். அதே பதவி, அதே நாற்காலி. அந்த உத்தரவை அறிவிப்புப் பலகையில் படித்த அன்று அவள் மதியம் சாப்பிடவில்லை. ஒரு ஆளின் தோளை அறுத்ததற்குத் தண்டனை வேறொரு பணிமனையில் போய் உட்காருவதா? மேலதிகாரியிடம் போய்க் கேட்டாள். "விதி அவ்வளவுதாம்மா," என்று கையை விரித்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையிலேயே பஸ் ஏறி அந்தப் பணிமனைக்குப் போனாள். அங்கிருந்த ஸ்டோர்காரர் சாதுவான மனிதர், மேசைமேல் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்.

"எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?"

"ஆபீஸ்லேருந்து வரல. லீவுல வந்திருக்கேன். இங்க எத்தனை மெஷின் இருக்கு?"

"பதினொண்ணு."

"ஒவ்வொண்ணா எடுத்துட்டு வாங்க."

எதற்கு என்று கேட்க நினைத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். முதல் ரம்பம் மேசைக்கு வந்தது. சங்கிலி பாருக்குக் கீழே தொங்கியது. பிடியை முழுதாகப் பற்றினால்தான் வேகம் கூடும்படி வைத்திருந்த பூட்டுவிசையை ஒரு ரப்பர் பட்டை போட்டு அழுத்திக் கட்டியிருந்தார்கள்.

"இது யார் கட்டினது?"

"ஆளுங்கதான். விரல் வலிக்குதுன்னாங்க. புது சார் கட்டிக்கங்கன்னுட்டாரு."

அவள் கைப்பையிலிருந்து கத்தரியை எடுத்து ரப்பர் பட்டையை வெட்டினாள். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் கதவருகே வந்து, அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"இங்க உங்களுக்கு என்ன வேலை?"

அவள் நிமிரவே இல்லை. பையிலிருந்து உருண்டை அரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டாவத எடுத்துட்டு வாங்கய்யா," என்றாள் ஸ்டோர்காரரிடம்.